இன்ஜின் வேலை முடிந்த லாரியில் சூடு ஏறுகிறதா? ஹெட்டைத் தூக்கும் முன் பார்க்க வேண்டியவை

என் டிரெய்லரின் இன்ஜினை இறக்கி, லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு ஏற்றிய மூன்றாவது நாள் அது. திருநெல்வேலியில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டத்துக்கு வந்துகொண்டிருந்தேன். காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்காற்று பிடித்ததும் டெம்பரேச்சர் மீட்டரின் முள் மெல்ல ஏறத் தொடங்கி 100-ஐத் தொட்டது. ஓரங்கட்டி, வேலை பார்த்த பட்டறைக்கு போன் போட்டேன். "புது வேலை அண்ணே, அப்படித்தான் இருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா சரியாயிரும்" என்றார்கள்.

சரியாகவில்லை. மறுபடி ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தை, தூக்கி அதற்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட்டை மாற்றினார்கள். பத்து நாளில் அதே சூடு. இன்னொரு முறையும் தூக்கினார்கள். கடைசியில் தக்கலைப் பக்கம் வயதான ஒரு மெக்கானிக், நாங்கள் ஆசான் என்று கூப்பிடுபவர், அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். கோளாறு இன்ஜினிலேயே இல்லை. அது எது என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன். அதற்குள் மூன்று வாரக் கூலியும் இரண்டு கேஸ்கெட் காசும் போயிருந்தது.

நமக்குப் பழகிய வரிசை தலைகீழானது. வேலை பார்த்த வண்டி சூடானால் எல்லாருக்கும் முதலில் ஹெட் கேஸ்கெட்தான் ஞாபகம் வருகிறது. நான் இங்கே சொல்லும் வரிசையில் ஹெட் கடைசி. காசு செலவில்லாத சோதனை முதலில், பட்டறைக்குள் போகும் சோதனை பிறகு.

முள் ஏறும்போது ரோட்டில் செய்ய வேண்டியது

தண்ணீர் வெளியே கொட்டவில்லை என்றால் உடனே இன்ஜினை அணைக்காதீர்கள். ஓரங்கட்டி, நியூட்ரலில் ஐடிலுக்குச் சற்று மேலே ஓடவிடுங்கள். பேனும் பம்பும் சுற்றச் சுற்ற சூடு இறங்கும், டர்போவுக்கும் அதுதான் நல்லது. தண்ணீர் கொட்டிவிட்டது, ஹோஸ் வெடித்துவிட்டது, ஆயில் பிரஷர் இறங்குகிறது என்றால் நொடியும் தாமதிக்காமல் அணைத்துவிட வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கிளீனர் பையன் கந்தல் துணியைச் சுற்றித் திறக்கப் போவான், தடுத்துவிடுங்கள். கொதிக்கும் இன்ஜினில் ஓரத்துக் குளத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றினால் ஹெட் கீறல் விடும். அப்புறம் இல்லாத கோளாறை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

படி 1: உண்மையிலேயே சூடா, முள் பொய் சொல்கிறதா?

இன்ஜின் இறக்கி ஏற்றும்போது கழற்றி மாட்டாத ஒயர் இல்லை. பிளாக்குக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே முறுக்கியிருப்பார்கள். ஒற்றை ஒயர் சென்சார் என்றால் மரையில் டேப் சுற்றி மாட்டியிருப்பார்கள், அதனால் எர்த் சரியாகக் கிடைக்காது. ஹெட்லைட்டைப் போட்டதும் முள் ஒரு கோடு ஏறி, அணைத்ததும் இறங்கினால் அது எர்த் கோளாறு. இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடையில் "இதுவும் ஓடும்" என்று கொடுத்த வேறு மாடல் சென்சாரும் இதே போலத் தவறாகக் காட்டும்.

துப்பாக்கி போல இருக்கும் லேசர் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) உட்கார்ந்திருக்கும் வீட்டின் மேல் அடித்துப் பாருங்கள். பளபளப்பான அலுமினியத்தில் அடித்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி, அதன் மேல் அடித்தால்தான் நம்பலாம். மீட்டரும் தெர்மாமீட்டரும் நாலைந்து டிகிரிக்குள் ஒத்துப்போனால் சூடு உண்மை, மேலே போகலாம்.

"புது வேலை அப்படித்தான்" என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு. புது ரிங்கும் லைனரும் உரசிப் பழகும்வரை உராய்வு கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அந்தச் சிறு சூட்டை அடக்க முடியாத கூலிங் சிஸ்டம் எங்கோ குறைபட்டிருக்கிறது. டீசல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் வழியாக வெளியேற வேண்டியிருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் ரிங் உராய்வின் கூடுதல் மிகச் சிறியது. எல்லாம் சரியாக இருக்கும் வண்டி, வேலை முடிந்த முதல் நாளும் தெர்மோஸ்டாட் எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

படி 2: எந்த ரோட்டில், எந்த நேரத்தில் சூடாகிறது?

இதைக் குறித்து வைக்காமல் பட்டறைக்குப் போகாதீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து ரோடே ஒரு சோதனைக்கூடம்.

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை நெரிசலில் ஊர்ந்து போகும்போது சூடாகி, காலியான ரோட்டில் ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்றுப் பக்கம் கோளாறு: பேன், பேன் கூண்டு, அடைத்த தகடுகள். ஐடிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் சரியாக இருந்து, லோடோடு இழுக்கும்போது மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது இன்ஜின் தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடத்தில், இன்னும் சூடே ஆகாதபோது மேல் ஹோஸ் கல்லுப் போல இறுகினால், வாயு ஏதோ தண்ணீருக்குள் போகிறது. முள் நிலையில்லாமல் 80-க்கும் 100-க்கும் இடையே துள்ளினால் பெரும்பாலும் ஏர் லாக், அதாவது தண்ணீர் வழியில் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஆரல்வாய்மொழிக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. முப்பந்தல் காற்றாலைகளெல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன. நாகர்கோவில் நோக்கி வரும் வண்டிக்கு அது எதிர்காற்று. ரேடியேட்டருக்குக் காற்று தாராளம், ஆனால் வண்டியை இழுக்கும் பாரம் கூடும். காவல்கிணறு நோக்கிப் போகும் வண்டிக்கு அது பின்காற்று. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின்னாலிருந்து அதே வேகத்தில் காற்று தள்ளினால், ஓட்டத்தால் ரேடியேட்டருக்குக் கிடைக்க வேண்டிய காற்று ஒன்றுமே இல்லை. முழு வேலையும் பேன் தலையில். ஆகவே கிழக்கே போகும்போது மட்டும் சூடானால் பேனைச் சந்தேகப்படுங்கள். மேற்கே வரும்போது மட்டும் சூடானால் தண்ணீர் ஓட்டத்தையும் ரேடியேட்டர் உட்புறத்தையும் பாருங்கள். என் வண்டி இரண்டு பக்கமும் சூடானது. அந்தத் தகவலே ஒரு துப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

படி 3: தண்ணீர் நிரப்பிய விதம், உள்ளே நிற்கும் காற்று

வேலை முடிந்த வண்டியில் தண்ணீர் வழி முழுக்கக் காலியாக இருந்திருக்கும். வாளியால் மளமளவென்று ஊற்றினால் ஹெட்டின் மேல் மூலையில் காற்று மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் தண்ணீர் படாது, ஆவிதான் படும். மேடான இடத்தில் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். ஏர் எடுக்கும் ஸ்க்ரூக்களைத் திறந்து, கேபினில் ஹீட்டர் இருந்தால் அதையும் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். ஸ்க்ரூவில் குமிழி இல்லாமல் தண்ணீர் வந்ததும் மூடலாம். தெர்மோஸ்டாட் வீட்டின் மேலிருந்து எக்ஸ்பான்ஷன் டேங்குக்குப் போகும் மெல்லிய குழாயைக் கட்டாயம் பாருங்கள். வேலையின்போது நசுங்கியிருக்கும், அல்லது துருவால் அடைத்திருக்கும். அந்தக் குழாய் அடைந்தால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் மீண்டும் சேரும். இன்ஜினைச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, அளவு பார்த்து நிரப்புங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்த பிறகும் அளவு குறைந்துகொண்டே இருந்தால்தான் அடுத்த சந்தேகம்.

எந்தத் தண்ணீர் என்பதில் நம் ஊரில் அலட்சியம் அதிகம். குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரைப் பக்கக் கிணறுகளில் பல உப்புக் கலந்தவை. போர் தண்ணீரிலும் சுண்ணாம்பு இருக்கும். உப்பு அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்பு லைனரின் வெளிச்சுவரில் படிந்து சூட்டை வெளியே விடாது. வெட் லைனர் (லைனரின் வெளிச்சுவரில் தண்ணீர் நேராகப் படும்) இன்ஜினில் வெறும் தண்ணீர் ஓடினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. லைனர் அதிர்வில் உண்டாகும் நுண் குமிழிகள் வெடித்து வெடித்து, வெளிச்சுவரில் ஊசி குத்தியது போலக் குழி விழும். அதைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். அந்தக் கலவை திறந்த நிலையிலேயே 106 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும்.

படி 4: மூடி, ஹோஸ், தெர்மோஸ்டாட்

மூடி சின்னப் பொருள், செய்யும் வேலை பெரியது. பிரஷர் ஒரு பி.எஸ்.ஐ. கூடினால் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயரும். ரப்பர் வெடித்த மூடியோடு ஓடினால் அந்தப் பாதுகாப்பு முழுக்கப் போய்விடும். மூடியில் பொறித்த எண் உங்கள் வண்டிக்கு உரியதா என்றும் பாருங்கள். வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் உள்ளிழுத்துச் சப்பையாகியிருந்தால் மூடியின் வெற்றிட வால்வு அடைத்திருக்கிறது. இன்ஜினை வேகமாக ரேஸ் செய்யும்போது கீழ் ஹோஸ் சப்பையானால் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது ஹோஸுக்குள் இருக்க வேண்டிய ஸ்ப்ரிங்கைப் போட மறந்துவிட்டார்கள்.

இனி தெர்மோஸ்டாட். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி எறிவது பல பட்டறைகளில் வழக்கம். எனக்கு இதில் கோபமே உண்டு. பெரும்பாலான லாரி இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை: திறக்கும்போது ரேடியேட்டர் வழியைத் திறக்கிறது, அதே நேரம் பைபாஸ் வழியை மூடுகிறது. கழற்றி எறிந்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றி இன்ஜினுக்கே திரும்பும். சூட்டைக் குறைக்க நினைத்துச் செய்ததே லோடில் சூட்டை ஏற்றும், ஐடிலில் இன்ஜின் சூடேறாமல் தேய்மானத்தையும் கூட்டும்.

இருக்கிறதென்றால் சோதியுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் முட்டாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அதன் மேலேயே எண் பொறித்திருக்கும், பல வண்டிகளில் 82-க்குப் பக்கத்தில். அந்த எண்ணில் வாய் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் முழுக்கத் திறக்க வேண்டும். மாட்டும்போது ஸ்ப்ரிங் இன்ஜின் பக்கம், ஆடும் சிறு ஊசி மேல்பக்கம்.

படி 5: காற்றுப் பக்கம்

இன்டர்கூலரையும் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) ரேடியேட்டரையும் பிரித்துப் பாருங்கள். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும், இரண்டுக்கும் நடுவில் கம்பளி போலப் படிந்திருக்கும். தேங்காய் நார்த் தூசி, செங்கல் சூளைப் புழுதி, எம்-சாண்ட் எல்லாம் ஆயிலோடு சேர்ந்தால் சிமென்ட் போல இறுகும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கம் தள்ளும்படி, மெதுவான அழுத்தத்தில் கழுவ வேண்டும். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

பேன் கூண்டை வேலையின்போது கழற்றி மூலையில் போட்டுவிட்டு மறந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கூண்டு இல்லாத பேன் பக்கவாட்டுக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். பேனைத் திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் போகும். ஆனால் அளவு வெகுவாகக் குறையும், அதனாலேயே இது கண்ணில் படாமல் தப்பிவிடும். விஸ்கஸ் பேன் (உள்ளே இருக்கும் கெட்டி எண்ணெயின் பிடிப்பில் சுற்றும் பேன்) என்றால், சூடான நிலையில் இன்ஜினை அணைத்துவிட்டு, அது நின்ற பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால் அதில் உள்ள எண்ணெய் போய்விட்டது.

படி 6: பம்ப், பெல்ட், ரேடியேட்டர் உள்வழி

பெல்ட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். பளபளவென்று கண்ணாடி போல ஆகியிருந்தால் வழுக்குகிறது. புது பம்ப் போட்டிருந்தால் உள்ளிருக்கும் விசிறி ஷாப்டில் இறுகி நிற்கிறதா, சுற்றும் திசை சரியா என்று கேளுங்கள். ஒரே பிளாக்குக்கு வேறு வேறு திசை பம்புகள் உண்டு. மாட்டுவதற்குப் பொருந்தும், தண்ணீரைத் தள்ளாது.

லோடு ஓட்டி வந்து நிறுத்தியதும், ஐடிலில் வைத்து, மேல் ஹோஸிலும் கீழ் ஹோஸிலும் தெர்மாமீட்டரை அடியுங்கள். பெரும்பாலான லாரிகளில் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் வித்தியாசம் இருக்கும். 20-ஐத் தாண்டினால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது. வித்தியாசமே இல்லாமல் இரண்டும் கொதித்தால் காற்று போதவில்லை. ரேடியேட்டர் முகத்தில் வரிசையாக அடித்துப் பார்த்தால், நடுவே குளிர்ந்த பட்டை தெரியும் இடத்தில் குழாய் அடைத்திருக்கிறது. வேலை பார்த்த வண்டியில் இந்த அடைப்புக்குக் காரணம் பல நேரம் பிதுங்கிய பேஸ்ட். கேஸ்கெட்டுக்குத் தாராளமாகத் தடவிய சிலிக்கான், உள்பக்கம் பிதுங்கி, உரிந்து, ரேடியேட்டர் குழாய் வாயில் போய் உட்காரும்.

படி 7: தண்ணீரில் குமிழி வந்தால்

இதுதான் என்னை ஏமாற்றிய இடம். எக்ஸ்பான்ஷன் டேங்கின் ஓவர்ப்ளோ குழாயை ஒரு கண்ணாடி பாட்டில் தண்ணீருக்குள் விடுங்கள். இன்ஜின் ஓடும்போது விடாமல் குமிழி வந்தால் வாயு உள்ளே போகிறது. எல்லாரும் "ஹெட் கேஸ்கெட்" என்று சொல்வது இந்த நேரத்தில்தான். பொறுங்கள்.

ஏர் பிரேக் வண்டியில் ஏர் கம்ப்ரஸரின் தலையையும் இன்ஜின் தண்ணீர்தான் குளிர்விக்கிறது. அந்தத் தலையில் கீறலோ, அதன் சிறு கேஸ்கெட்டில் கசிவோ இருந்தால் டேங்குக்குப் போக வேண்டிய காற்று தண்ணீருக்குள் போகும். தண்ணீர் பொங்கும், ஏர் லாக் ஆகும், சூடு ஏறும். அச்சு அசலாக ஹெட் கேஸ்கெட் போன அறிகுறி. ஆசான் செய்தது இவ்வளவுதான்: ஏர் டேங்க் நிறைந்து, "புஸ்" என்று சத்தம் வந்து கம்ப்ரஸர் ஓய்ந்ததும் பாட்டிலைப் பார்க்கச் சொன்னார். குமிழி நின்றிருந்தது. பிரேக்கை நாலைந்து முறை மிதித்து ஏர் மீட்டரை இறக்கினார். கம்ப்ரஸர் மறுபடி ஏற்றத் தொடங்கியதும் குமிழியும் வந்தது. பிறகு கம்ப்ரஸருக்குப் போகும் இரண்டு தண்ணீர் ஹோஸ்களைக் கழற்றி ஒன்றோடொன்று இணைத்து, ஐந்து நிமிடம் மட்டும் ஐடிலில் ஓட்டினார். குமிழி சுத்தமாக இல்லை. என் இன்ஜின் ஹெட்டில் ஆரம்பத்திலிருந்தே ஒரு குறையும் இல்லை.

உறுதி செய்ய இன்னொரு வழி, புகை வாயுவைக் காட்டும் நீலத் திரவம். டேங்க் வாயில் வைத்து உறிஞ்சினால், எரிந்த வாயு இருக்கும்போது நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். கம்ப்ரஸர் காற்றுக்கு நிறம் மாறாது. நிறம் மாறினாலும் உடனே ஹெட்டைத் தூக்காதீர்கள். புது வண்டிகள் பலவற்றில் இ.ஜி.ஆர். கூலர் (இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் புகையைத் தண்ணீரால் குளிர்விப்பது) இருக்கும். அதில் கீறல் விட்டாலும் புகை தண்ணீருக்குள் வரும். அதை விலக்கிப் பார்த்த பிறகே ஹெட்.

எந்த சிலிண்டர் என்று பார்க்க, பழைய பம்ப் வண்டிகளில் ஒவ்வொரு நாசில் நட்டாகத் தளர்த்திக் குமிழி குறைகிறதா என்று பார்ப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து மிக உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வண்டி) இதைச் செய்யவே கூடாது. அந்தக் குழாயில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே எடுக்க வேண்டிவரும்.

படி 8: இன்ஜினே அதிகச் சூட்டை உண்டாக்குகிறதா?

பம்ப் டைமிங் பின்தங்கினால் டீசல் தாமதமாக எரிந்து சைலன்சரையும் ஹெட்டையும் சூடாக்கும். இழுவை குறையும். டீசல் அளவு கூடினால் கரும்புகை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் கசிவு இருந்தாலும் கரும்புகைதான். எக்ஸாஸ்ட் பிரேக் பாதி மூடியே நின்றுவிட்டதா பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எல்லாச் சக்கர டிரம்மிலும் தெர்மாமீட்டரை அடியுங்கள். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, இன்ஜின் அதையும் சேர்த்து இழுக்கிறது.

படி 9: கடைசியில் ஹெட்

இத்தனையும் தாண்டிய பிறகு ஹெட்டைத் தூக்கினால், கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். பழைய கேஸ்கெட்டைக் கையில் எடுத்து, எந்த இடத்தில் கருகி வழி விட்டிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் ஓட்டைகள் பிளாக்கின் ஓட்டைகளோடு பொருந்துகின்றனவா, தலைகீழாக வைத்திருந்தார்களா என்று பாருங்கள். லைனர் பிளாக்குக்கு மேல் எவ்வளவு துருத்தி நிற்கிறது என்பதை டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் அளக்கச் சொல்லுங்கள். மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் கணக்கு. ஒரு லைனர் பக்கத்து லைனரைவிடத் தாழ்ந்திருந்தால் அங்கே கேஸ்கெட் நசுங்காது, எத்தனை மாற்றினாலும் போகும். கம்பெனி புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட்டு எழுதி வாங்குங்கள். லேத்தில் பேசிங் போட்ட ஹெட்டை நேர் விளிம்புப் பட்டை வைத்துச் சோதித்து, கீறலுக்குப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். போல்ட்டை டார்க் ரெஞ்சில், புத்தகத்தில் உள்ள வரிசையில், உள்ள கட்டங்களில் முறுக்க வேண்டும். சில இன்ஜினில் முதல் சூட்டுக்குப் பிறகு மறுபடி முறுக்கச் சொல்வார்கள், சிலவற்றில் தொடக்கூடாது.

சரியானதும், அதே லோடு, அதே ரோடு, அதே நேரம் வைத்து ஓட்டிப் பாருங்கள். முதல் 500 கிலோமீட்டர் வரை தினமும் காலையில், ஆறிய இன்ஜினில், டேங்கில் பேனாவால் கோடு போட்டு அளவைப் பாருங்கள். ஹோஸ் கிளாம்புகளைச் சூடாறிய பிறகு மறுபடி இறுக்குங்கள். வடித்த பழைய கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கிக் குடித்துச் செத்துப்போகும்.

கம்ப்ரஸர் தலை மாற்றிய மறுநாள் அதே சிமென்ட் லோடில் நான் எழுதி வைத்தது: காவல்கிணற்றில் 84, ஆரல்வாய்மொழி எதிர்காற்றில் 89, தக்கலையில் 86, மார்த்தாண்டம் நெரிசலில் 91.